ஹம்சாவின் புள்ளி ஏழு

என் கிட்னியைத் தர மாட்டேன் என்று நான் சொன்னது ஒரு புதன்கிழமை காலையில். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள். என் தம்பி சபரிநாதன் கையிலிருந்த காபி டம்ளரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பயமா இருந்தா நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா," என்றான்.

பயமாம். ஐம்பத்தேழு வயதில் மதுரையில் ஏறி, சென்னையிலும் தோஹாவிலும் விமானம் மாறி, தனியாக டாலஸில் வந்து இறங்கி, நாலு மாதமாக இவர்கள் கேட்ட ரத்தத்தையெல்லாம் குப்பி குப்பியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிற எனக்குப் பயமாம். டாலஸுக்குப் பக்கத்தில் தம்பி குடியிருக்கிற ஆலனில் தமிழ்க் குடும்பங்கள் முழுக்க அன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கதை பரவிவிட்டது. நாத்தனார் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாளாம். அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிவிட்டார்கள். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஹம்சா என் தம்பி மனைவி, எனக்கும் அவளுக்கும் ஆகாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆலனில் இந்த வீட்டை வாங்கியபோது பால் காய்ச்சிய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சிம்பிளா முடிச்சிட்டோம் அண்ணி" என்று போட்டாள். விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுப் பால் சங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் பாலைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். பால் காய்ச்சுகிற விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து அவளோடு பேசுவதை விட்டுவிட்டேன். அவளும் அதற்காக ஒன்றும் இளைத்துவிடவில்லை.

பிறகு அவளுடைய இரண்டு கிட்னியும் போயின. வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலி. டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ரத்தக் குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது, அதனால் கழுத்துக்குக் கீழே நெஞ்சில் ஒரு குழாய். சபரியின் ரத்தம் பொருந்தவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்குப் பொருந்தியது. அவளைப் பிடித்ததால் நான் வரவில்லை, பொருந்தியதால் வந்தேன். அவர்கள் மகள் அனன்யாவுக்குப் பதினைந்து வயது. அந்தப் பெண்ணுக்கு அம்மா வேண்டும். எனக்கு அது போதும்.

ஆபரேஷனுக்கு முதலில் மார்ச் முதல் வாரத்தில் ஒரு தேதி குறித்திருந்தார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் ஹம்சாவுக்கு வாந்தி. எமர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ரத்தத்தில் ஏதோ ஒரு நம்பர் பார்த்தார்கள். புரோகால்சிடோனின் என்று பெயர், அனன்யா எனக்கு மூன்று தரம் சொல்லிக்கொடுத்தாள். உடம்பில் கிருமி புகுந்தால் அந்த நம்பர் ஏறுமாம். ஹம்சாவுக்குப் புள்ளி ஏழு. புத்தகப்படி அது கூடுதல். உடனே பத்து நாள் கடுமையான ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ரத்தத்தைக் குப்பியில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள், எந்தக் கிருமியும் வளரவில்லை. மருந்தால் வயிறு கெட்டு நாலு கிலோ இளைத்ததுதான் மிச்சம். தேதியும் போயிற்று.

அப்புறம்தான் எங்கள் பெரிய டாக்டரம்மா விளக்கினார். கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு எந்தக் கிருமியும் இல்லாமலே அந்த நம்பர் கொஞ்சம் ஏறித்தான் நிற்குமாம். எவ்வளவு ஏறி நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். இனிமேல் வருகிற போதெல்லாம் பார்த்துக் குறித்து வைப்போம் என்றார். அப்படியே செய்தார்கள். ஆஸ்பத்திரி ஆப்பில் ரிசல்ட் வந்ததும் அனன்யா எனக்கு வாசித்துக் காட்டுவாள். புள்ளி ஆறு. புள்ளி ஏழு. புள்ளி ஏழு. புள்ளி ஆறு. ஏப்ரல் ஆரம்பத்தில் மறுபடி புள்ளி ஏழு.

எனக்கு இது புது விஷயமே இல்லை. சங்கத்தில் தனபாக்கியம் என்று ஒருத்தி, அவளுடைய கிழட்டு மாட்டின் பாலில் லாக்டோமீட்டரை விட்டால் எப்போதும் இருபத்தைந்துதான் காட்டும். தண்ணீர் கலந்தால் அந்த நம்பர் இறங்கும். தண்ணீர் கலந்திருக்கிறாள் என்று புதிதாக வந்த சூப்பர்வைசர் திருப்பி அனுப்பினார். கொட்டிலுக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போய், மடியிலிருந்து நேராகக் கறந்து, லாக்டோமீட்டரை விட்டுக் காட்டினேன். இருபத்தைந்து. அதே ஊரில் இன்னொருவர், சங்கத் தலைவருக்கு மச்சினர். அவர் வீட்டுப் பால் எப்போதும் முப்பத்தொன்று. ஒரு வாரம் இருபத்தெட்டு வந்தது. சட்டப்படி இருபத்தெட்டு நல்ல பால்தான். நான் வாங்கவில்லை. வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று தலைவர் குதித்தார். தூக்குங்கள் என்றேன். எட்டாம் நாள் அந்த வீட்டுக் கறவைக்காரனே வந்து தண்ணீர் கலந்ததை ஒப்புக்கொண்டான். புத்தகத்தில் இருக்கிற நம்பர் ஊரில் உள்ள எல்லா மாட்டுக்கும் சேர்த்துப் போட்டது. இந்த மாட்டுக்கு என்ன என்பது அந்த மாட்டைத் தினமும் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

இதை ஹம்சாவிடம் ஒரு தடவை சொன்னேன். "என்னைய மாடுங்கறீங்க," என்றாள்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை டயாலிசிஸ் முடிந்து சபரி காரை ஓட்டிக்கொண்டு வந்தான், நான் பின்சீட்டில். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டெக்சாஸ் ஏப்ரல் எங்கள் ஊர்ச் சித்திரைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஹம்சா கையை நீட்டி ஏசியை அணைத்தாள். பிறகு ஹீட்டரைப் போட்டாள். சபரிக்கு நெற்றியில் வியர்வை வழிகிறது, கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினான். அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். போர்வையின் ஓரம் ஆடிக்கொண்டே இருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"குளிருதா?" என்று கேட்டேன்.

"டயாலிசிஸ் முடிஞ்சா எப்பவும் இப்படித்தான் அண்ணி," என்றாள். எப்போதும் இப்படி இல்லை. நாலு மாதமாக அந்தப் பின்சீட்டில் நானும்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு முந்தின கடைசி விசிட். பெரிய டாக்டரம்மா லீவில் இருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். பதிலுக்கு இளவயதாக ஒரு டாக்டர். ஹம்சாவுக்குக் காய்ச்சல் பார்த்தார்கள், தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நார்மல் என்றார். மத்தியானம் ரத்த ரிசல்ட் வந்தது. அந்த டாக்டர் சபரிக்கு போன் பண்ணி, எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு நம்பர் மட்டும் கூடுதல், டயாலிசிஸ் ஆட்களுக்கு அது எப்போதும் கூடத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள் என்றார். சபரி சந்தோஷத்தில் பாயசம் வைக்கக் கிளம்பினான். ஸ்கூல் விட்டு வந்த அனன்யாவைக் கூப்பிட்டு ஆப்பைத் திறக்கச் சொன்னேன்.

"டூ பாயிண்ட் த்ரீ," என்றாள்.

"எது?"

"தட் புரோகால் திங், அத்தை."

இரண்டு புள்ளி மூன்று. புள்ளி ஏழு எங்கே, இரண்டு புள்ளி மூன்று எங்கே. சபரியிடம் போய்ச் சொன்னேன். அவன் பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பிப்ரவரில இதே நம்பரப் பாத்துத்தான் எல்லாரும் பதறினோம். கடைசில என்ன ஆச்சு? ஒண்ணும் இல்ல. டாக்டரே நார்மல்னுட்டாரு. நீ எதுக்கு மறுபடி ஆரம்பிக்குற?"

"அன்னிக்கு அவளுக்கு வழக்கமான நம்பரு. இது வழக்கம் இல்லடா."

"ஃபீவரும் இல்லையே."

 ஹம்சாவுக்கு வழக்கம் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு, கிட்னி போனவர்களுக்கு உடம்புச் சூடு குறைவாகத்தான் இருக்குமாம், டயாலிசிஸ் சீட்டில் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்பதே சூடுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வறுக்கிற கரண்டியோடு நிற்கிறவனிடம் என்ன வாதாட முடியும். பாயசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

சாயங்காலம் சேலை முந்தியில் குத்த ஒரு ஊக்கு வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த என் மருந்து டப்பாவில்தான் ஊக்கும் கிடக்கும். திறந்தேன். மேலே பாரசிட்டமால் அட்டை. பத்து மாத்திரை, ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை, ஆபரேஷன் முடிகிற வரை தலைவலி மாத்திரைகூடத் தன்னைக் கேட்காமல் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அட்டையில் ஆறு குழி காலியாக இருந்தது.

இந்த வீட்டில் ஹம்சாவின் மாத்திரைகள் எல்லாம் சபரியின் பொறுப்பு. எதை எடுத்தாலும் எழுதி டயாலிசிஸ் நர்ஸிடம் காட்டுவான். அவனுக்குத் தெரியாமல் ஒரு காய்ச்சல் மாத்திரை போட வேண்டுமென்றால் இந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம் என் டப்பா. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நான் கொண்டுவந்த மாத்திரை. நம் ஊர் வழக்கம் நமக்குத் தெரியாதா, டாக்டரிடம் போகும் முன்னால் ஒன்றைப் போட்டுக்கொண்டு போவோம், அங்கே போய்க் காய்ச்சல் இல்லை என்று சொல்ல வைப்போம். அட்டையோடு எழுந்து ஹாலுக்குப் போனேன்.

ஹம்சா ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்தாள். சபரி அனன்யாவை டியூஷனுக்குக் கொண்டுவிடப் போயிருந்தான். அட்டையை அவள் மடியில் போட்டேன்.

"தலைவலி அண்ணி. ரெண்டு எடுத்தேன்."

"ஆறு காணோம்."

அவள் டிவியை நிறுத்தினாள்.

"எப்பருந்து குளிருது?"

"சனிக்கிழமைலேர்ந்து."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரல் ஏறவே இல்லை, அதுதான் என்னைக் குத்தியது. "போன தடவ ஒண்ணுமே இல்லாததுக்கு டேட்டைத் தூக்கினாங்க. ஏழு வாரம் வெயிட் பண்ணியிருக்கேன். வாரத்துக்கு மூணு நாள் அந்தச் சேர்ல உக்கார்றது நான், நீங்க இல்ல. ஃப்ரைடேயோட முடிஞ்சிடும். அப்புறம் காய்ச்சல் வந்தா வந்துட்டுப் போகட்டும்."

"அப்புறம் வந்தா உன் உடம்புக்கு எதுத்து நிக்கத் தெம்பு இருக்காது. என் கிட்னிய உன் உடம்பு வெளிய தள்ளாம இருக்கணும்னு, அந்தத் தெம்பத்தான் மருந்து குடுத்து அடக்கப் போறாங்க. அவங்க நமக்கு எத்தனை தரம் சொன்னாங்க."

"டாக்டரே ஓகேன்னுட்டார். நீங்க யாரு அண்ணி, டாக்டரா?"

"நான் பால்காரி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கை கொதித்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க. எனக்கு இந்த ஒண்ணு மட்டும் பண்ணுங்க அண்ணி."

"பண்ண மாட்டேன்," என்றேன். "காலைக்குள்ள நீயே சபரிகிட்ட சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன்." அட்டையை எடுத்துக்கொண்டு போய் டப்பாவில் போட்டு, டப்பாவை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் அவள் சொல்லியிருக்கவில்லை. சபரி ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய பையை அடுக்கிக்கொண்டிருந்தான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு நான் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன்.

இந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கிட்னி கொடுக்கிறவர்களுக்கென்றே ஆஸ்பத்திரியில் தனியாக ஒருவரை வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, என் பக்கம் பேசுவதுதான் அவருக்கு வேலை. எனக்கு வாய்த்தது டோரத்தி என்று ஒரு அம்மாள். நடுவில் மொழிபெயர்க்க போனில் றெஜினா, யாழ்ப்பாணத்துப் பெண், டொராண்டோவில் இருந்து பேசுவாள். இந்த நாலு மாதத்தில் அந்த இரண்டு குரலும் எனக்கு வீட்டு மனுஷர் மாதிரி ஆகிவிட்டன.

"நான் தர மாட்டேன்னு சொல்லும்மா," என்றேன்.

றெஜினா திருப்பிக் கேட்டாள். "அப்பிடியே சொல்லட்டோ அம்மா?"

"அப்படியே சொல்லு."

டோரத்தி கொஞ்சமும் பதறவில்லை. றெஜினா அவர் சொன்னதைச் சொன்னாள். "நீங்கள் ஒரு காரணமும் சொல்லத் தேவையில்லையாம். எந்த நேரத்திலயும் வேண்டாம் எண்டு சொல்லலாமாம். வீட்டாக்களுக்கு, உங்கட உடம்பு இதுக்கு ஒத்துவரேல்லை எண்டு மட்டும் ஆஸ்பத்திரி சொல்லுமாம். உங்களை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினமாம்."

எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு திரை பிடிக்கிறார்கள். நல்ல மனசோடுதான் பிடிக்கிறார்கள். ஆனால் நான் எதற்கு ஒளிய வேண்டும்.

"என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பொய் சொல்ல வேண்டாம்னு சொல்லு. காரணம் நான் சொல்றேன், எழுதிக்கிடச் சொல்லு. என் தம்பி பொண்டாட்டிக்குச் சனிக்கிழமைலருந்து குளிர் காய்ச்சல். ஆறு பாரசிட்டமால் போட்டு மறைச்சிருக்கா. அவளுக்கு வழக்கமா புள்ளி ஏழு இருக்குற நம்பர் ரெண்டு புள்ளி மூணு ஆயிருக்கு. அவ ரத்தத்த வளர வச்சுப் பாக்கணும். பாத்து ஒண்ணும் இல்லேன்னா வெள்ளிக்கிழமை காலைல மொத ஆளா வந்து படுத்துக்கிடுவேன். பாக்காம என் கிட்னி போகாது."

றெஜினா ஒரு சொல் விடாமல் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் அவள் குரல் எங்கெங்கே அழுத்துகிறது என்பது புரிந்தது. நான் அழுத்திய இடத்திலெல்லாம் அவளும் அழுத்தினாள்.

அதற்கப்புறம்தான் கதவைத் திறந்து சமையலறைக்கு வந்து சபரியிடம் சொன்னேன். பயம் என்றான். ஆறு குழி காலியான அட்டையை நான் மேடையில் வைத்தேன். அவன் ஹம்சாவைப் பார்த்தான். அவள் தலைவலி என்றாள். அவன் நம்பினான். நம்ப ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

"கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடலைங்கறத இப்ப தீத்துக்கிறியாக்கா?"

பிறந்த அன்றைக்கே அவனைத் தூக்கியவள் நான். அந்தச் சொல் எனக்கு ரொம்ப வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"என்ன வேணா நெனச்சுக்க. ஆஸ்பத்திரில இருந்து போன் வரும். வந்தா கூட்டிட்டுப் போ."

வந்தது. பத்தரை மணிக்கு எல்லோரும் காரில். எழுபத்தைந்தாம் நம்பர் ஃப்ரீவேயில் டாலஸை நோக்கிப் போனோம். அனன்யா ஸ்கூலுக்குப் போகாமல் எங்களோடு வந்திருந்தாள். பாதி வழியில் என் பக்கம் சாய்ந்து, "அத்தை, ஆர் யூ கோயிங் டு லெட் அம்மா டை?" என்று கேட்டாள். இவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

"இல்லம்மா. அதுக்குத்தான் போறோம்."

பதிலுக்கு வந்த அதே டாக்டர்தான் இருந்தார். முகத்தில் எரிச்சல். மேஜையில் போனை வைத்து றெஜினாவைக் கூப்பிட்டார்கள். கிட்னி நோயாளிகளுக்கு இந்த நம்பர் கூட இருப்பது சாதாரணம் என்று முந்தின நாள் சொன்னதையே சொன்னார். எனக்கு விளக்குகிறாராம்.

"எல்லாருக்கும் கூட இருக்கும்னு எனக்கும் தெரியும்," என்றேன். "இவளுக்கு எவ்வளவு கூட இருக்கும்னு அவருக்குத் தெரியுமான்னு கேளு."

றெஜினா கேட்டாள். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஏப்ரல், மார்ச், பிப்ரவரி என்று பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஐந்து நம்பர்தான், பார்க்க அரை நிமிஷம்கூட ஆகாது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி காய்ச்சல் பார்க்கச் சொன்னார்.

முந்தின சாயங்காலத்திலிருந்து ஹம்சாவுக்கு மாத்திரை கிடையாது, டப்பா என் பெட்டியில். நூறு புள்ளி ஒன்பது. கையிலிருந்தும் நெஞ்சுக் குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்துவிட்டுக் குழாயை உப்புத் தண்ணீர் விட்டு அலசியதும் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் தந்தியடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சபரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. அங்கேயே சேர்த்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டரம்மாவே, றெஜினாவை நடுவில் வைத்து, எனக்கு போன் பண்ணினார். கையில் எடுத்த ரத்தம், குழாயில் எடுத்த ரத்தம், இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்திருந்தது. குழாய் வழியாக ஏறியிருக்கிறது. இதோடு நாளைக்கு ஆபரேஷன் பண்ணி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தையும் கொடுத்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. றெஜினாவும் அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.  நான் சொன்னது சரி என்று ஆனதில் எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை, அவள் பிழைக்க வேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சபரி என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, நேத்து நான்..." என்றான்.

"அத விடு. அவளுக்கு ரசம் சாதம் குடுக்கலாமான்னு கேளு."

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்தக் குழாயைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறு இடத்தில் புதுசு போட்டார்கள். ஆறு வாரம் மருந்து. ஆபரேஷன் தேதி, அவள் பயந்தபடியே, போய்விட்டது. முதல் நாலு நாள் ஹம்சா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய் உட்காருவேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுப்பாள். படுக்கட்டும். உயிரோடு திரும்பிப் படுக்கிறாள் அல்லவா. என் விசா ஜூனில் முடிகிறது என்று சபரி நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டான். என்ன காரணம் எழுத என்று அனன்யா கேட்டாள். கொடுக்க வந்ததை இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஹம்சா ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"கிரகப்பிரவேசத்துக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கணும் அண்ணி."

"ஆமா, கூப்பிட்டிருக்கணும்."

"வந்திருந்தா பால் தண்ணியா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. அதான் கூப்பிடல."

"இந்த ஊர்ப் பால் தண்ணிதான். அதுல என்ன தப்பு."

அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேருமே அழுதோம். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

புதுத் தேதி ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்னால் மறுபடி அதே கடைசி விசிட், அதே அறை. டாக்டர் மட்டும் வேறு, இவரும் யாருக்கோ பதிலாக வந்தவர். திரையில் ஹம்சாவின் நம்பர் சிவப்பில் எரிந்தது. புள்ளி ஏழு. அவர் புருவத்தைத் தூக்கினார். கொஞ்சம் கூட இருக்கிறது, ஏப்ரலில் இப்படி ஒரு கிருமி வந்திருக்கிறது, எதற்கும் இரண்டு வாரம் தள்ளி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். ஹம்சா கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"தட் இஸ் மை நம்பர்," என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை. போனைத் திறந்து, பிப்ரவரியிலிருந்து ஒவ்வொன்றையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். புள்ளி ஆறு, புள்ளி ஏழு, கிருமி வந்த அன்று இரண்டு புள்ளி மூன்று, குணமானபின் மூன்று தடவை புள்ளி ஏழு. உடம்புச் சூடு தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. போன வாரம் வளர வைத்துப் பார்த்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. குளிர் இல்லை. மாத்திரை எதுவும் போடவில்லை, சந்தேகம் இருந்தால் என் அண்ணியைக் கேளுங்கள், டப்பா அவரிடம்தான் பூட்டி இருக்கிறது என்று என்னைக் கை காட்டினாள். இதே நம்பருக்காக என்னிடமிருந்து ஒரு தேதியைப் பிடுங்கினீர்கள், இன்னொன்றைத் தர மாட்டேன், வேண்டுமானால் பெரிய டாக்டரம்மாவை இப்போதே கூப்பிடுங்கள் என்றாள். இத்தனையும் இங்கிலீஷில். அனன்யா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள், தமிழில்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து திரையைப் பார்த்தார், ஹம்சாவைப் பார்த்தார், வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மேஜையில் இருந்த போனில் றெஜினாவின் குரல் சிரித்தது.

"அம்மா, இந்த முறை உங்களுக்கு ஏதும் நிபந்தனை இருக்கோ எண்டு கேக்கிறா."

"இருக்கு," என்றேன். "வெள்ளிக்கிழமையத் தாண்டக் கூடாதுன்னு சொல்லு."